சமுத்திரம் திருப்பி அனுப்பிய பங்கு

1957ஆம் ஆண்டில், சுவீடன் தேசத்துப் பூபௌதிகச் சங்கத்தார் வெளியிட்டுவந்த 'டெல்லஸ்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில், ரோஜர் ரெவெல், ஹான்ஸ் ஸூஸ் என்னும் இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. வாயு மண்டலத்துக்கும் சமுத்திரத்துக்கும் இடையே கரியமில வாயு எவ்வளவு விரைவில் கைமாறுகிறது என்பதைக் கணிப்பதே அதன் நோக்கம். பத்தே பக்கங்கள் கொண்டது. சீதோஷ்ண மாறுதலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும் இன்று அதைத் தொடாமல் மேலே செல்வதில்லை. ஆயினும் அதன் கீர்த்தியைக் கேள்விப்பட்டு ஆவலோடு எடுத்துப் படிப்பவருக்கு முதலில் கிட்டுவது ஏமாற்றமே என்று சொல்ல வேண்டும். ஏனெனில் அக்கட்டுரையின் பெரும்பகுதி, மனிதன் எரித்து வெளிவிட்ட கரியமில வாயுவைச் சமுத்திரம் ஏறக்குறைய முழுவதும் வாங்கிக்கொண்டுவிட்டது என்று நிரூபிக்கவே முயல்கிறது; அந்த முடிவை அடியோடு அசைக்கக்கூடிய விஷயத்தைச் சொல்லும் பகுதியோ மிகச் சிறியது, அதுவும் கவனியாதவர் கண்ணுக்குத் தப்பிவிடும்படி அடக்கமாக எழுதப்பட்டது. இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போவது அந்தச் சிறிய பகுதியையே.

அதன் அருமை விளங்க வேண்டுமானால், அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகள் எதை நம்பியிருந்தார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியம். நிலக்கரியை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு மிகுந்து பூமியின் உஷ்ணம் உயரக்கூடும் என்று ஸ்வான்டே அர்ரீனியஸ் என்னும் சுவீடன் தேசத்து ரசாயன அறிஞர் 1896இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 1938இல் ஜி. எஸ். கேலண்டர் என்னும் ஆங்கிலேயர், நீராவி பற்றிய பொறியியலே தம் தொழிலாயிருந்தும், ஓய்வு நேரத்தையெல்லாம் இந்த ஆராய்ச்சியில் செலவிட்டு, அந்த உயர்வு ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்று லண்டன் நகரத்து வானிலை அறிஞர்கள் முன்னிலையில் வாதித்தார். கேட்டவர்கள் மரியாதையோடு கேட்டார்கள், நம்பவில்லை. அவர்களுடைய அவநம்பிக்கை வெறும் பிடிவாதமும் அன்று. சமுத்திரத்தில் கரைந்திருக்கும் கார்பன் ஏறத்தாழ 38 லட்சம் கோடி டன். யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் வாயு மண்டலம் முழுவதிலும் இருந்த கார்பனோ 59,000 கோடி டன்னை ஒட்டியதே. அறுபது மடங்குக்கு மேல் செல்வம் வைத்திருக்கும் ஒருவன் அண்டை வீட்டில் மிஞ்சிய சில்லறையை வாங்கிவைத்துக்கொள்வதில் என்ன சிரமம் இருக்க முடியும்? மனிதன் காற்றில் விடும் கரியமில வாயுவில் அறுபதில் ஒரு பங்குதான் காற்றில் தங்கும், மற்றதெல்லாம் கடலுக்குப் போய்விடும் என்பது, எவரும் தனியே நிரூபிக்க வேண்டுமென்று கருதாத அளவுக்கு, வெளிப்படையான உண்மையாகத் தோன்றியது.

ரெவெலும் அவ்வாறே நினைத்தவர்தாம். 1909இல் அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாட்டில் நகரில் பிறந்த அவர், ஆறடியை மிஞ்சிய உயரமும் நிதானமான பேச்சும் உடையவர். கலிபோர்னியா மாகாணத்தில் லா ஹோயா என்னும் கடற்கரை ஊரிலுள்ள ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்துக்கு மாணவராக வந்து, பிற்காலத்தில் அதற்கே தலைவரானவர். மாணவப் பருவத்திலேயே, 1934இல், வேறு மூவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, கடல்நீர் தன்னுள் வந்து சேரும் அமிலத்தையும் காரத்தையும் எவ்வாறு தணித்துச் சமன் செய்துகொள்கிறது என்பதைப் பற்றியது. இந்தத் தேதியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எந்தப் பூட்டை 1957இல் திறந்தாரோ அதன் சாவி இருபத்துமூன்று வருஷ காலம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

யுத்த காலத்தில் அவர் கடற்படையில் சேவை செய்தார். யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946இல், பசிபிக் சமுத்திரத்துப் பிக்கினித் தீவில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது, அத்தீவைச் சூழ்ந்த கடலில் அதன் விளைவுகளை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பரிதாபகரமான விஷயமே என்றாலும், சமுத்திரத்தின் உள்ளோட்டங்களை அறிய வேண்டுமென்று அரசாங்கங்கள் பணத்தை அள்ளிக்கொடுக்க முன்வந்தது அணுகுண்டின் பொருட்டே. கதிரியக்கம் கொண்ட கழிவுகளைக் கடலில் கொட்டினால் அவை எங்கே போகும், எப்பொழுது திரும்பி வரும் என்னும் கேள்விக்கு விடை தேவையாயிருந்தது. 1955இல் சான் டியேகோ நகருக்குத் தென்மேற்கே ஆழ்கடலில் ஒரு குண்டை வெடித்துப் பார்த்தபோது, கதிரியக்கம் கலந்த நீர் மேலும் கீழும் பரவாமல், ஏறத்தாழ ஒரு மீட்டர் கனமுள்ள தகடாக, நூறு சதுர கிலோமீட்டர் அளவுக்குப் படுக்கை வாட்டில் விரிந்துகிடக்கக் கண்டார்கள். கடல் ஒரே நீர்த்தொட்டி அன்று. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து எளிதில் கலவாத அடுக்குகளால் ஆனது. காற்றோடு உறவாடுவது அதன் மேலடுக்கு மட்டுமே. மற்றவை ஒரு முறை மேலே வந்து வெளிச்சத்தைக் காண, சில இடங்களில் ஆயிரம் வருஷம் செல்லும். அப்படியானால் 38 லட்சம் கோடி டன் என்ற பெரிய எண்ணைக் காட்டி ஆறுதல் கொள்வதில் பாதி அர்த்தம் அப்பொழுதே போய்விட்டது.

ரெவெலின் துணைவராக வந்த ஹான்ஸ் ஸூஸ் வியன்னா நகரத்தவர். மத்திய இந்தியாவிலுள்ள கோண்டுவானா என்னும் பிரதேசத்தின் பெயரை, தென்பாதி உலகின் கண்டங்கள் ஒன்றாக இணைந்திருந்த ஆதிநிலத்துக்குச் சூட்டி உலகெங்கும் பிரசித்தமாக்கிய பூதத்துவ அறிஞர் எட்வர்ட் ஸூஸின் பேரர் அவர். பாட்டனார் மலைகளைப் பார்த்துக் காலத்தைக் கணித்தார் என்றால், பேரர் அணுக்களைப் பார்த்துக் கணித்தார். ஆகாயத்தின் உயரத்தில் அண்டக் கதிர்கள் தாக்குவதால் கார்பன் 14 என்னும் நிலையற்ற கார்பன் உண்டாகிறது. உயிருள்ள மரம் அதைக் காற்றிலிருந்து பெறுகிறது. மரம் பட்டபின் அது 5,730 வருஷங்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான வருஷங்கள் மண்ணுக்கடியில் கிடந்தவை. ஆகவே அவற்றில் கார்பன் 14 சிறிதும் எஞ்சியிருப்பதில்லை. அவற்றை எரித்துக் காற்றில் விட்டால், காற்றிலுள்ள கார்பன் 14 பாலில் நீர் சேர்ந்தாற்போல விகிதத்தில் குறைய வேண்டும் அல்லவா? புதிய மரங்களின் வளையங்களை ஆராய்ந்து, அப்படிக் குறைந்திருப்பதை ஸூஸ் 1955இல் வெளியிட்டார். மனிதன் எரித்த கரி வாயு மண்டலத்தில் கலந்திருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் பிரத்தியட்ச சாட்சி அதுவே. ஆனால் குறைவு எதிர்பார்த்ததைவிட மிகவும் சொற்பமாயிருந்தது. எரித்ததன் பெரும்பகுதி வேறெங்கோ சென்று மறைந்திருக்க வேண்டும்.

எங்கே என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. கணக்கிட்டார்கள்: காற்றிலுள்ள ஒரு கரியமில வாயுத் துகள் கடலில் கரைவதற்கு முன் சராசரியாகப் பத்து வருஷங்களை ஒட்டிய காலமே காற்றில் சஞ்சரிக்கிறது. வேறு சில அறிஞர்களும் அதே ஆண்டில், அதே பத்திரிகையில், ஏறக்குறைய அதே முடிவை வெளியிட்டார்கள். பத்து வருஷத்தில் கடலுக்குள் போய்விடும் பொருளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? கட்டுரை முடிவடைந்துவிட்டதாகவே தோன்றியது.

ஆனால் அது அச்சுக்குப் போவதற்கு முன் ரெவெலின் மனத்தில் ஏதோ உறுத்தியிருக்கிறது. ஸ்கிரிப்ஸ் நிலையத்தின் ஆவணங்களில் இருக்கும் அக்கட்டுரையின் தட்டச்சுப் பிரதியைப் பார்வையிட்ட விஞ்ஞான சரித்திர ஆசிரியர் ஸ்பென்சர் வியர்ட், முக்கியமான அப்பகுதி பிற்பாடு வேறொரு காகிதத்தில் எழுதி ஒட்டிச் சேர்க்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்த ஒட்டுக் காகிதம் சொல்வது இதுதான்: கடல்நீரின் ரசாயன இயல்பை முன்னிட்டுப் பார்த்தால், காற்றில் கரியமில வாயு நூற்றுக்குப் பத்துப் பங்கு உயரும்பொழுது, கடலின் மேல்நீரில் உள்ள மொத்தக் கார்பன் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியே உயரும். அதாவது, கடலின் மேலடுக்கு வாங்கிக்கொள்ளும் என்று நினைத்ததில் பத்தில் ஒரு பங்கையே அது நிஜமாக வாங்கிவைத்துக்கொள்கிறது.

முன்னே சொன்ன பத்து வருஷக் கணக்கு என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். அந்தக் கணக்கு பொய்யன்று. அது வேறொரு கேள்விக்கு விடை. கல்யாணப் பந்தலில் ஒவ்வொரு விருந்தாளியும் சராசரி ஒரு நாழிகை தங்குகிறார் என்று அறிந்துவிட்டால், அந்தப் பந்தலில் இன்னும் எத்தனை பேருக்கு இடமுண்டு என்பது விளங்கிவிடுமா? ஒருவர் உள்ளே வருகிற அதே நேரத்தில் ஏறக்குறைய இன்னொருவர் வெளியே போகிறார். நம் ஊர்தியின் புகையில் புறப்பட்ட துகள் கடலுக்குள் போவது மெய்யே; ஆனால் அது போய்ச் சேர்ந்ததற்கு ஈடாகக் கடலிலிருந்த வேறொரு துகள் காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. கார்பன் 14ஐக் கொண்டு அளப்பவருக்குத் துகள் இடம்பெயர்ந்தது தெரியுமே தவிர, மொத்தம் குறையாதது தெரியாது.

கடல்நீர் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைச் சிறிது பொறுமையோடு பார்ப்போம். இந்த நூலில் இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறில்லை. கரியமில வாயு கடலில் சர்க்கரை கரைவதுபோலக் கரைந்து சும்மா இருந்துவிடுவதில்லை. நீரோடு கூடி, பைகார்பனேட், கார்பனேட் என்னும் இரண்டு அயனிகளாக உருமாறுகிறது. மேல்நீரில் உள்ள கார்பனை நூறு பங்காக வைத்துக்கொண்டால், வாயுவாகவே இருப்பது ஏறத்தாழ ஒரு பங்கு. பைகார்பனேட்டாக இருப்பது தொண்ணூறு பங்கு. கார்பனேட்டாக இருப்பது ஒன்பது பங்கு. காற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்யக்கூடியது வாயுவாக இருக்கும் அந்த ஒரு பங்கு மட்டுமே. புதிதாக வாயு உள்ளே நுழைந்தால், அது ஒரு கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து இரண்டு பைகார்பனேட்டுகளாகிவிடுகின்றன. கடலின் ஏற்புத் திறன் முழுவதும் இந்தக் கார்பனேட்டின் கையிருப்பில்தான் இருக்கிறது. அதுவோ நூற்றுக்கு ஒன்பது.

இப்பொழுது ஒரு பங்கு வாயுவைக் கூடுதலாக உள்ளே விடுவோம். கார்பனேட் ஒன்பதிலிருந்து எட்டாகிறது. பைகார்பனேட் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றிரண்டாகிறது. நீரில் வாயுவாக மிஞ்சி நிற்பதன் அளவு, பைகார்பனேட்டின் வர்க்கத்தைக் கார்பனேட்டால் வகுத்த ஈவைப் பொறுத்தது என்பது ரசாயன விதி. தொண்ணூற்றிரண்டைத் தொண்ணூறால் வகுத்து வர்க்கமாக்கினால் நாலரைச் சதவீத உயர்வு. ஒன்பதை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரைச் சதவீத உயர்வு. இரண்டையும் பெருக்க, பதினேழு சதவீதத்துக்கு மேல் வருகிறது. மொத்தக் கார்பன் ஒரு சதவீதம் ஏறியதற்கே நீரிலிருந்து காற்றை நோக்கித் தள்ளும் வாயுவின் அழுத்தம் பதினேழு சதவீதம் ஏறிவிட்டது! இது மிகவும் எளிதாக்கிச் சொன்ன கணக்கு. உண்மையில் கடலிலுள்ள போரேட் என்னும் உப்பும் கைகொடுப்பதாலும், வெப்ப மண்டலக் கடல்களில் கார்பனேட் சற்று அதிகமாக இருப்பதாலும், அந்தப் பதினேழு குறைந்து பத்தை ஒட்டி நிற்கிறது. உஷ்ணமான கடல்களில் எட்டு ஒன்பது என்றும், துருவங்களை அடுத்த குளிர்ந்த கடல்களில் பதின்மூன்றுக்கு மேலும் இது வேறுபடுகிறது. இதற்கு இன்று ரெவெல் காரணி என்று பெயர்.

ரெவெலைத் தீர்க்கதரிசி என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. தாம் ஒட்டிய காகிதத்தின் அர்த்தம் முழுவதையும் அவர் அன்று உணர்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. உணர்ந்திருந்தால் கட்டுரையின் மற்றப் பகுதியை அப்படியே விட்டிருக்க மாட்டார். தொழிற்சாலைகளின் எரிபொருள் செலவு எவ்வளவு வேகமாக உயரும் என்பதையும் அவர் குறைவாகவே மதிப்பிட்டார். கட்டுரையைக் கூர்ந்து படித்து, கடலின் மேலடுக்கு, கீழடுக்கு என்னும் இரண்டையும் பிரித்துவைத்து, அதன் முடிவு என்ன என்று எல்லாருக்கும் புரியும்படி 1959இல் எடுத்துரைத்தவர்கள் பெர்ட் போலின், எரிக் எரிக்சன் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் இருவர். ரெவெலுக்கு உரிய பெருமை வேறு வகையானது: தமது முடிவுக்குப் பொருந்தாத விஷயம் கண்ணில் பட்டபோது, அதைக் கண்டும் காணாதவர்போல இருந்துவிடாமல், எழுதி ஒட்டி அனுப்பினார். மனித குலம் இனி எக்காலத்திலும் திரும்பச் செய்ய முடியாத மாபெரும் பூபௌதிகப் பரிசோதனை ஒன்றில் இறங்கியிருக்கிறது என்று அக்கட்டுரையில் அவர் குறிப்பிட்டது எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதைப் படிப்பவர்கள் அதில் ஓர் அபாய அறிவிப்பைக் காண்கிறார்கள். அன்று அவர் தொனியில் இருந்தது பயமன்று, சுவாரசியமான பரிசோதனை ஒன்றைக் காணக் கிடைத்த விஞ்ஞானியின் உற்சாகமே என்பது என் அபிப்பிராயம்.

பரிசோதனை என்றால் அளக்க வேண்டும். 1956இல் ரெவெல் ஸ்கிரிப்ஸ் நிலையத்துக்கு அழைத்துக்கொண்ட சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் இளைஞர், சர்வதேசப் பூபௌதிக ஆண்டை முன்னிட்டுக் கிடைத்த பணத்தைக் கொண்டு, ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் சரிவிலும் தென்துருவத்திலும் காற்றை இடைவிடாது அளக்கும் கருவிகளை நிறுவினார். உலகெங்கும் ஒரு முறை அளந்துவிட்டு, பல வருஷங்கள் கழித்து மீண்டும் ஒரு முறை அளந்தால் போதும் என்பது தலைவரின் எண்ணம். விடாமல் அளக்க வேண்டும் என்பது இளைஞரின் பிடிவாதம். பிடிவாதம் வென்றது. 1958 மார்ச்சில் பத்து லட்சத்துக்கு 313 பங்கு என்று தொடங்கிய அந்த வரிசை இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது. அந்தக் கதை பலரும் அறிந்ததாகையால் இங்கே விரிக்கவில்லை.

காற்றை அளப்பதைவிடக் கடலை அளப்பது பன்மடங்கு கடினம். அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு கிலோ கடல்நீரில் இருக்கும் கார்பன் 24 மில்லிகிராம் மட்டுமே; ஒவ்வொரு வருஷமும் மனிதனால் மேல்நீரில் கூடுவது அதில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இரண்டாயிரத்தில் ஒன்றைப் பிடிக்க ஆராய்ச்சிக் கப்பலில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். வட்டமான இரும்புச் சட்டத்தில் இருபத்துநான்கு அல்லது முப்பத்தாறு குழாய்ப் பாத்திரங்களை நிறுத்தி, இருபுறமும் வாய் திறந்தபடியே கம்பிவடத்தில் கட்டிக் கடலின் அடிவரை இறக்குகிறார்கள். மேலே இழுத்து வரும்போது, வேண்டிய ஆழங்களில் மேல்தளத்திலிருந்து மின்சாரத்தால் ஆணையிட்டு ஒவ்வொன்றாக வாயை மூடுகிறார்கள். தளத்துக்கு வந்ததும், காற்றுக்குமிழி ஒன்றும் சேராதபடி, ரப்பர்க் குழாயைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை விட்டு நீரைப் பிடித்து, புட்டி நிறைந்து வழிந்தபின்னும் இன்னொரு புட்டியளவு வழியவிட்டே நிறுத்துகிறார்கள். பிறகு பாதரச குளோரைடு சில துளிகள். நுண்ணுயிர்கள் உயிரோடிருந்தால் மூச்சுவிட்டே கணக்கைக் கெடுத்துவிடுமாகையால், அவற்றைக் கொன்று, மசகு பூசிய கண்ணாடி மூடியை இறுக்கி வைக்கிறார்கள்.

பரிசோதனைச் சாலையில் அந்நீரில் பாஸ்போரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. பைகார்பனேட்டும் கார்பனேட்டும் மீண்டும் வாயுவாகிப் பொங்கி வெளியேறுகின்றன. அவ்வாயுவை நீலநிறமான ஒரு திரவத்தின் வழியே செலுத்துகிறார்கள். அது கரையக் கரைய நீலம் வெளிறுகிறது. மின்சாரம் பாய்ச்சப் பாய்ச்ச நீலம் திரும்புகிறது. பழைய நிறம் வந்து சேர எவ்வளவு மின்சாரம் செலவாயிற்றோ அதுவே கடல்நீரில் இருந்த கார்பனின் அளவு. ஒரு தேசத்தார் அளந்ததும் மற்றொரு தேசத்தார் அளந்ததும் ஒத்துப்போக வேண்டுமே! அதற்காக ஸ்கிரிப்ஸ் நிலையத்தில் ஆண்ட்ரூ டிக்சன் என்னும் ரசாயன அறிஞர், வடிகட்டிக் கிருமி நீக்கி, கார்பன் அளவு நன்கு நிச்சயிக்கப்பட்ட கடல்நீரைப் புட்டிகளில் அடைத்து உலகிலுள்ள பரிசோதனைச் சாலைகளுக்கெல்லாம் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். கடைக்காரனின் படிக்கல்லைச் சர்க்கார் முத்திரையிட்டுக் கொடுக்கும் வேலை அது. கட்டுரைகளில் பெயர் வரும்படியான புகழ் அதில் இல்லை, ஆனால் அது இல்லாமல் 1990களுக்குப் பின் வந்த எண்களில் ஒன்றையும் நம்ப இயலாது.

அந்த உழைப்பால் கிடைத்த விடை 2004இல் வெளியாயிற்று. 1800 முதல் 1994 வரையில் மனிதன் விட்டதில் சமுத்திரம் வாங்கிக்கொண்ட கார்பன் 11,800 கோடி டன். கணக்கில் ஏறவோ இறங்கவோ 1,900 கோடி டன் இடமுண்டு. அடுத்த பதின்மூன்று வருஷங்களில், 2007 வரையில், இன்னும் 3,400 கோடி டன் சேர்ந்தது. இப்பொழுது மனிதன் ஒவ்வொரு வருஷமும் விடுவதில் ஏறக்குறைய கால் பங்கு கடலுக்கும், அதைவிடச் சற்று அதிகமான பங்கு காடுகளுக்கும் மண்ணுக்கும் செல்ல, பாதிக்குச் சற்றுக் குறைந்தது காற்றிலேயே தங்குகிறது. கால் பங்கு என்பது சிறிய உதவியன்று. அது இல்லாவிட்டால் நம்முடைய நிலைமை இன்னும் மோசமாயிருக்கும். ஆனால் பழைய அறிஞர்கள் கணக்கின்படி அது அறுபதில் ஐம்பத்தொன்பதாக இருந்திருக்க வேண்டும்.

எல்லாக் கடலும் வாங்குவதுமில்லை. குளிர்ந்த நீர் வாயுவை நன்றாகக் கரைக்கும். அது கனத்து அடியில் இறங்கும்போது தான் பெற்றதையும் உடன் கொண்டுபோகும். வட அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடலிலும் இது நடக்கிறது. நம் பக்கத்து அரபிக் கடலோ இதற்கு நேர்மாறு. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியாவின் கரையையும் அரேபியாவின் கரையையும் ஒட்டி மேல்நீரை ஒதுக்கித் தள்ள, ஆழத்திலிருந்து கார்பன் மிகுந்த குளிர்நீர் மேலெழுந்து, சூடேறிக் காற்றில் வாயுவை விடுகிறது. கேரளத்திலும் குற்றாலத்திலும் சாரல் கொண்டுவரும் அதே காற்றுத்தான்.

இந்தியப் பெருங்கடலைப் பற்றி இவ்வளவேனும் தெரிந்திருப்பதற்கு ரெவெலும் ஒரு காரணம். 1957இல் கூடிய சர்வதேசச் சமுத்திர ஆராய்ச்சிக் குழுவின் முதல் தலைவர் அவரே. உலகின் சமுத்திரங்களில் மிகக் குறைவாக ஆராயப்பட்டது இந்தியப் பெருங்கடல் என்று கண்டு, பல தேசத்துக் கப்பல்களைச் சேர்த்து அதைத் துருவிப் பார்க்கும் திட்டத்தை அக்குழுவினர் வகுத்தார்கள். 1965 வரை நீடித்த அந்த ஆராய்ச்சியில் இந்தியக் கடற்படையின் 'கிஸ்த்னா' என்னும் கப்பலும் பங்குகொண்டது. அது முடிந்த கையோடு, 1966 ஜனவரி முதல் தேதியன்று, இப்பொழுது கோவாவில் இருக்கும் தேசிய சமுத்திரவியல் நிலையம் பிறந்தது. அதே காலத்தில் டாக்டர் கோத்தாரியின் தலைமையில் நம் நாட்டுக் கல்வி முறையைப் பரிசீலித்த கமிஷனின் அங்கத்தினர் பட்டியலைப் புரட்டினால், அதிலும் ரோஜர் ரெவெலின் பெயரைக் காணலாம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பத்தும் இரண்டும் என்ற ஏற்பாட்டைப் பரிந்துரைத்தவர்களில் கடலின் கார்பனைக் கணக்கிட்டவரும் ஒருவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ரெவெல் 1991இல் காலமானார். அவர் பெயர் பூண்ட அந்தக் காரணியோ நிலையாக நிற்பதன்று. ஒவ்வொரு பங்கு வாயுவும் ஒரு பங்கு கார்பனேட்டைத் தின்றுவிடுவதால், கையிருப்புக் குறையக் குறையக் காரணி உயர்கிறது. ஆகவே இன்று கடல் வாங்கும் விகிதத்தில் நாளைக்கு வாங்க மாட்டாது. கடல்நீரின் பி.எச். அளவு 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது என்று கேட்டால் அற்பமாகத் தோன்றும். அந்த அளவுகோல் பத்தின் மடங்குகளால் ஆனதாகையால், ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ முப்பது சதவீதம் பெருகிவிட்டன என்பது அதன் பொருள். கடல் அமிலமாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுவது சரியன்று; அது இன்னும் காரத்தன்மை உடையதே. ஆனால் சிப்பிக்கும் பவளத்துக்கும் தம் ஓட்டைக் கட்டிக்கொள்ள வேண்டியதும் அந்தக் கார்பனேட்தான். காற்றின் அழுக்கை வாங்குவதற்கும் அதுவே வேண்டியிருக்கிறது. ஒரே கையிருப்பின்மேல் இரண்டு செலவுகள்.

கையிருப்பை மீண்டும் நிரப்பும் வழி இயற்கையில் இல்லாமலில்லை. அது கடலின் அடியில் கிடக்கிறது. ரெவெல் 1936இல் டாக்டர் பட்டம் பெற்றது பசிபிக் சமுத்திரத்தின் அடிவண்டலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. காந்தமானிகளைக் கலைக்காதபடி இரும்பைத் தவிர்த்து மரத்தால் கட்டிய 'கார்னகி' என்னும் கப்பல் தன் ஏழாவது பிரயாணத்தில் சேகரித்த வண்டல் அது. அக்கப்பல் 1929 நவம்பரில் சமோவாத் தீவின் ஆப்பியாத் துறைமுகத்தில் பெட்ரோல் ஏற்றும்போது வெடித்துத் தலைவரோடு அழிந்தது, சேகரித்த வண்டல் தப்பிப் பிழைத்தது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் ஓடுகள் யுகயுகமாக உதிர்ந்து சேர்ந்த சுண்ணாம்பும் அத்தகைய வண்டலில் உண்டு. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே அது தானே கரைந்துவிடுகிறது. மேலே உள்ள மேடுகளில் வெண்மையாகப் படிந்திருக்கிறது. நாம் விட்ட வாயுவைச் சுமந்த நீர் அந்த மேடுகளை எட்டும்பொழுது, இதுவரை கரையாத சுண்ணாம்பும் கரையத் தொடங்கும். கரைந்தால் கார்பனேட் பெருகும். கடல் மறுபடியும் காற்றிலிருந்து வாங்கும். மேல்நீர் அடிவரை சென்று கலப்பதற்கே பல நூற்றாண்டுகளும், வண்டல் கரைந்து ஈடுசெய்வதற்குச் சில ஆயிரம் வருஷங்களும் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் பின்னும் காற்றில் மிஞ்சும் பங்கை மலைப்பாறைகள் மழைநீரில் சிதைந்து கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்; அதற்கு லட்சக்கணக்கான வருஷங்கள்.